டி-ஷர்ட் விற்றால் கௌரவம் குறைந்துவிடுமா?

சென்ற கார்த்திகை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. கோயிலில் தரிசனம் முடிந்து, பிரசாதத் தொன்னையும் கையுமாக வெளிப் பிராகாரத்தில் நின்றுகொண்டிருந்தேன். என்னோடு ஒரே அலுவலகத்தில் இருபது வருஷம் குப்பை கொட்டிய நண்பர் எதிரே வந்தார். சர்க்கரை, ரத்த அழுத்தம், பென்ஷன் எல்லாம் பேசி முடித்த பிறகு, "மருமகள் இப்போ என்ன பண்றா சார்?" என்று கேட்டார்.

"டி-ஷர்ட் வியாபாரம் பண்றா" என்றேன்.

"அடடா! எம்.காம். படிச்ச பொண்ணு. வேற ஒண்ணும் கிடைக்கலையா?" என்றார். அவர் குரலில் கேலி இல்லை. நிஜமான அனுதாபம்தான் இருந்தது. கேலி என்றால் திருப்பிக் கொடுத்திருக்கலாம். அனுதாபத்துக்கு என்ன பதில் சொல்வது? புளியோதரையை விழுங்கிவிட்டு வீடு வந்து சேர்ந்தேன். அன்று சொல்லாத பதிலைத்தான் இப்போது எழுதுகிறேன்.

நண்பரைக் குறை சொல்லிப் பயனில்லை. நம் தலைமுறை டில்லிக்கு வந்த விதம் அப்படி. டைப்ரைட்டிங் ஹையர், ஷார்ட்ஹேண்ட், கையில் ஒரு ட்ரங்குப் பெட்டி, யாரோ ஒரு ஒன்றுவிட்ட மாமாவின் விலாசம். 1971-ல் நானும் அப்படித்தான் வந்து இறங்கினேன். லோதி காலனியிலும் சரோஜினி நகரிலும் ஆர்.கே. புரத்திலும் குவார்ட்டர்ஸ் கிடைத்துவிட்டால் பிறவிப் பயன் முடிந்தது. வியாபாரம் என்பது எதிர்ச் சாரியில் கடை வைத்திருப்பவர் செய்வது. நாம் மாதக் கணக்கு வைத்து வாங்குகிறவர்கள். 1947-ல் பிரிவினையின்போது எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்த குடும்பங்கள் கரோல் பாகிலும் லாஜ்பத் நகரிலும் முதலில் நடைபாதையில், பிறகு சிறு கடையில் என்று எழுந்து நின்றதை நாம் கண்ணெதிரே பார்த்தோம். வியந்தோம். ஆனால் நம் வீட்டுப் பிள்ளை அப்படி ஒரு துணி மூட்டையைத் தூக்கினால் மட்டும் நமக்கு நெஞ்சு அடைக்கிறது.

எங்கள் வீட்டுக் கதை சுருக்கமானது. 2022-ல் என் மகன் வேலை பார்த்த கம்பெனியில் அவனுடைய பிரிவையே மூடிவிட்டார்கள். வேறு வேலை கிடைக்க எட்டு மாதம் ஆயிற்று. கிடைத்தது பழைய சம்பளத்தில் பாதிக்குச் சற்று மேல். மருமகளுக்குத் திருப்பூர்ப் பக்கம். அவள் தாய்மாமா அங்கே ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக இருந்தவர். "மாமா, நாற்பதாயிரம் ரூபாய் கொடுத்தால் நான் ஒன்று செய்து பார்க்கிறேன்" என்று என்னிடம் வந்து நின்றாள். கொடுத்தேன். கொடுக்கும்போது திரும்பி வரும் என்று நினைக்கவில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

முதல் மூன்று மாதம் அவள் செய்ததெல்லாம் தப்பு. அதில் பாதி என் யோசனை. செய்தித்தாளுக்குள் வைத்து விநியோகிக்க ஐயாயிரம் துண்டுப் பிரசுரம் அச்சடித்தோம். மூன்று பேர் தொலைபேசியில் கூப்பிட்டார்கள். அதில் ஒரு அம்மாள், புடவைக்கு ஃபால்ஸ் தைப்பீர்களா என்று கேட்டாள். பிறகு இன்டர்நெட்டில் விளம்பரம் என்று ஒரு பையன் வந்தான். ஒன்பதாயிரம் ரூபாய் செலவில் ஏராளமான 'லைக்' கிடைத்தது. எண்ணிப் பார்த்தேன், விற்றது பதினொரு டி-ஷர்ட். விளம்பரமே கூடாது என்று நான் சொல்லவில்லை. பெரிய கம்பெனிகள் கோடிக்கணக்கில் செலவு செய்யும் அதே சந்தையில் நம் ஒன்பதாயிரம் ரூபாய் சமுத்திரத்தில் கரைத்த பெருங்காயம். அவ்வளவுதான்.

வியாபாரம் நகர ஆரம்பித்தது ஒரு 'ழ'வினால். வெள்ளை டி-ஷர்ட்டின் நெஞ்சில் கறுப்பில் பெரிதாக ஒரு 'ழ' அச்சடித்து, என் பேரனுக்குப் போட்டுப் பள்ளிக்கூட விழாவுக்கு அனுப்பினாள். அன்று மாலைக்குள் ஆறு தாய்மார்கள் கேட்டுவிட்டார்கள். ஒரு பைசா செலவில்லை. (அந்த 'ழ'வைச் சட்டையில் போட்டுக்கொண்டு திரியும் பிள்ளைகளில் பலர் அதை 'ல' என்றுதான் சொல்கிறார்கள் என்பது வேறு துக்கம். அதைப் பற்றி இன்னொரு இதழில் சண்டை போடலாம்.) அவள் அன்று கற்ற பாடம், எல்லோருக்கும் விற்க நினைத்தால் யாருக்கும் விற்க முடியாது என்பது. காந்தி நகர் மொத்தக் கடைகளோடும் சரோஜினி நகர் ஏற்றுமதி மிச்சத்தோடும் விலையில் போட்டி போட முடியுமா? அங்கே நூறு ரூபாய்க்கும் டி-ஷர்ட் கிடைக்கும். அங்கே கிடைக்காத ஒன்றை, அதைத் தேடுகிற நாலு பேருக்கு முன்னால் வைக்க வேண்டும்.

அதிலும் ஒரு விபத்து நேர்ந்தது. 2023-ல் 'தமிழ்' என்று எழுதி நாற்பது டி-ஷர்ட் ஆர்டர். அச்சுக்காரர் உத்தரப் பிரதேசத்துக்காரர், நல்ல மனிதர், தமிழ் தெரியாது. நாம் அனுப்பிய எழுத்துரு அவர் கம்ப்யூட்டரில் இல்லை. நாற்பதும் புள்ளி இல்லாமல் 'தமிழ' என்று வந்து சேர்ந்தன. மருமகள் அன்று அழுதாள். தமிழில் எது அச்சடித்தாலும் எழுத்தாக அனுப்பாதீர்கள், படமாக்கி அனுப்புங்கள். ஒரே ஒரு துணியில் அச்சடித்துப் பார்த்துவிட்டு மீதியைப் போடச் சொல்லுங்கள். நாற்பது டி-ஷர்ட் விலை கொடுத்து வாங்கிய அறிவு இது, வாசகர்களுக்கு இலவசம்.

அந்த நாற்பதும் வீணாகவில்லை. டில்லியில் ஹோலிக்கு முதல் வாரம் வெள்ளைச் சட்டைக்கு எவ்வளவு கிராக்கி என்று நம் எல்லோருக்கும் தெரியும். ஒரு நாள் போட்டுச் சாயம் பூசிக்கொண்டு எறிவதற்கு மலிவான வெள்ளைத் துணி வேண்டும். 'அச்சில் பிழை உள்ளது, ஹோலிக்கு மட்டும்' என்று அட்டையில் எழுதிக் குடியிருப்பின் வாசலில் ஒரு மேசை போட்டாள். இரண்டே மாலையில் தீர்ந்துவிட்டது. குறையை மறைக்காமல் சொன்னதால் ஒருவரும் திருப்பிக் கொண்டுவரவில்லை. அடுத்த வருஷத்திலிருந்து ஹோலிக்கென்றே திருப்பூரிலிருந்து செகண்ட்ஸ் வெள்ளை வரவழைக்கிறாள். இந்த ஊரில் டி-ஷர்ட் விற்கும் காலம் ஹோலியில் தொடங்கித் தீபாவளியோடு படுத்துவிடும். குளிரில் ஸ்வெட்டருக்கு உள்ளே போடும் துணிக்கு யார் முந்நூறு ரூபாய் கொடுப்பார்கள்? ஆகவே ஜனவரியில் கையில் பணம் இருந்தால்தான் மார்ச்சில் சரக்கு இருக்கும். இதை வாசகர்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் இதற்கு வருகிறேன்.

விளம்பரச் செலவு குறைய வேண்டுமானால் ஒவ்வொருவராகத் தேடக் கூடாது, கூட்டமாக வாங்குகிறவர்களைத் தேட வேண்டும் என்பது அவள் இரண்டாவது வருஷம் கண்டுகொண்டது. டியூஷன் சென்டர், குடியிருப்பின் கிரிக்கெட் அணி, பழைய மாணவர் சந்திப்பு, காலை நடைக் குழு, அறுபதாம் கல்யாணத்துக்குக் கூடும் உறவினர்கள். ஒருவரிடம் பேசினால் நாற்பது துணி. ஸ்கிரீன் பிரிண்டிங்கில் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு தனி ஸ்கிரீன் வேண்டும். எங்கள் அச்சுக்காரர் ஒரு ஸ்கிரீனுக்கு 500 ரூபாய் வாங்குகிறார். ஐம்பது துணிக்கு அது தலைக்குப் பத்து ரூபாய். பத்துத் துணிக்குத் தலைக்கு ஐம்பது. அதனால் 'ஒரு நிறம், ஐம்பது துணி' என்பதுதான் இருவருக்கும் லாபம். நாலைந்து துணி மட்டும் கேட்பவர்களுக்கு டி.டி.எஃப். என்ற முறையில், ஃபிலிமில் அச்சடித்துச் சூட்டில் ஒட்டித் தருகிறார்கள். அதற்கு ஸ்கிரீன் வேண்டாம். இதையெல்லாம் வாடிக்கையாளரிடம் மூடி மறைக்காமல் சொல்லிவிடுகிறாள். 'உங்களுக்கு இரண்டு நிறம் வேண்டாம், ஒன்றே போதும், மிச்சம் பிடியுங்கள்' என்று ஒரு கடைக்காரி சொன்னால் அந்த மனிதர் அதை நாலு பேரிடம் சொல்லாமல் இருப்பாரா?

சரக்கு வாங்குவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. திருப்பூர் காதர்பேட்டைக்குப் போய் மிச்ச லாட்டை அள்ளிக்கொண்டு வந்தால் மலிவுதான். ஆனால் அதே நிறம், அதே துணி மறுபடி கிடைக்காது. முப்பது பேர் குழுவில் பிறகு ஐந்து பேர் சேர்ந்தால் அந்த ஐந்து பேருக்கும் வேறு நீலம்! எப்போதும் கிடைக்கிற 180 ஜி.எஸ்.எம். ரவுண்டு நெக்கில் ஆறே ஆறு நிறம் என்று முடிவு செய்த பிறகுதான் பழைய வாடிக்கையாளர்கள் திரும்பி வர ஆரம்பித்தார்கள்.

வாட்ஸ்அப் பற்றிச் சொல்லாவிட்டால் இந்தக் காலத்து வாசகர்கள் கோபித்துக்கொள்வார்கள். நூறு குழுக்களில் தினமும் காலை வணக்கத்தோடு விளம்பரம் அனுப்புவது விற்பனைக்கு வழி அல்ல; குழுவை விட்டு நீக்கப்படுவதற்கு வழி. அவள் தன் ஸ்டேட்டஸில் வாரம் இரண்டு படம் போடுகிறாள். பால்கனியில் காலை வெயிலில் எடுத்த படம். விலை அதிலேயே எழுதியிருக்கும். 'விலைக்குத் தனியாகத் தொடர்பு கொள்ளவும்' என்று எழுதுகிறவர்களை எனக்குப் பிடிப்பதில்லை. ஆளைப் பார்த்து விலை சொல்லுவார்களோ என்ற சந்தேகம்தான் வரும். இன்னொன்று, சைஸ். ஒரு கம்பெனியின் மீடியம் இன்னொரு கம்பெனியின் லார்ஜ். ஆகவே துணியைத் தரையில் பரப்பி, மார்பின் மேல் இஞ்ச் டேப்பை வைத்துப் படம் எடுத்து அனுப்புகிறாள். வீட்டில் உள்ள பழைய டி-ஷர்ட் ஒன்றை அளந்து ஒப்பிட்டுக்கொள்ளச் சொல்கிறாள். முன்பு பத்துக்கு இரண்டு திரும்பி வரும். இப்போது அபூர்வம்.

ஒவ்வொரு பொட்டலத்திலும் ஒரு சிறு அட்டை. உள்புறம் திருப்பிக் குளிர்ந்த நீரில் துவைக்கவும், அச்சின் மேல் இஸ்திரி போடாதீர்கள் என்று தமிழிலும் ஹிந்தியிலும் இரண்டு வரி, கீழே தொலைபேசி எண். ஓர் அட்டைக்கு ஒரு ரூபாய்கூட ஆகவில்லை. ஐயாயிரம் துண்டுப் பிரசுரம் செய்யாததை இந்த அட்டை செய்கிறது. பிரசுரம் வாங்காதவன் கைக்குப் போனது. இது வாங்கியவன் கைக்குப் போகிறது.

இந்தக் கிழவனுக்கும் ஒரு பங்கு உண்டு. முப்பத்தேழு வருஷம் கணக்குத் துறையில் கோப்பு எழுதிய கை சும்மா இருக்குமா? யார், எந்தத் தேதி, என்ன சைஸ், எந்தக் குழந்தைக்கு, அந்தக் குழந்தைக்கு எந்த மாதம் பிறந்த நாள் என்று ஒரு பதிவேடு வைத்திருக்கிறேன். குழந்தைகள் வளருகின்றன அல்லவா? போன வருஷம் 26 அங்குலம் என்றால் இந்த வருஷம் 28 ஆகியிருக்கும். பிறந்த நாளுக்குப் பத்து நாள் முன்பு மருமகள் ஒரு வரி எழுதிக் கேட்கிறாள். பாதிப் பேர் வாங்குகிறார்கள். மீதிப் பேர் ஞாபகம் வைத்திருந்ததற்காகச் சந்தோஷப்படுகிறார்கள். நம் சர்க்கார் அனுபவம் வியாபாரத்துக்கு உதவாது என்று யார் சொன்னது?

செய்யக் கூடாதவையும் சில உண்டு. ஐ.பி.எல். காலத்தில் மஞ்சள் டி-ஷர்ட்டில் சிங்கச் சின்னம் கேட்டு ஆட்கள் வரிசையில் நிற்பார்கள். அவள் மாட்டேன் என்று சொல்லிவிடுகிறாள். வெறும் மஞ்சள் பனியன் யார் வேண்டுமானாலும் விற்கலாம். அணியின் சின்னம் அடுத்தவர் சொத்து. சினிமா நட்சத்திரங்களின் படமும் அப்படியே. பத்து நாள் விற்பனைக்காக வக்கீல் நோட்டீஸ் வாங்குவது மலிவான விளம்பரம் ஆகாது. குறளும் பாரதியும் இருக்கும்போது நமக்கென்ன பஞ்சம்? பாரதியின் எழுத்து நாட்டுடைமை ஆகிப் பல பத்தாண்டுகள் ஆகின்றன.

ஜி.எஸ்.டி. விஷயத்தில் டில்லிக்காரர்களுக்கு ஒரு தனிப் பொறி உண்டு. சரக்கு விற்பவர்களுக்கு இங்கே ஆண்டு விற்பனை 40 லட்சம் தாண்டாத வரை பதிவு வேண்டாம் என்று கேள்விப்பட்டு நிம்மதியாக இருப்போம். ஆனால் மயூர் விஹாரிலிருந்து நொய்டாவுக்கு ஒரு பொட்டலம் அனுப்பினால் அது வேறு மாநிலம், குர்காவுனும் அப்படியே. மாநிலம் விட்டு மாநிலம் சரக்கு அனுப்புகிறவருக்கு அந்த 40 லட்சம் வரம்பு பொருந்தாது. முதல் நொய்டா ஆர்டர் வந்த அன்றுதான் இது எங்களுக்குத் தெரிந்தது. பதிவு செய்த பிறகே அனுப்பினோம். துணிக்கு வரி 5 சதவீதம்தான். 2025 செப்டம்பர் 22 முதல் ரூ. 2,500 வரை உள்ள ஆடைக்கெல்லாம் அதே விகிதம். பயப்பட ஒன்றுமில்லை, முன்கூட்டியே ஒரு கணக்காளரைக் கேட்டுவிட்டால் போதும்.

இனி விலைக்கு வருகிறேன். வரி நீங்கலாகக் கணக்கு இது. வெறும் டி-ஷர்ட் 145 ரூபாய், லாரி பார்சல் 8, அச்சு 35, உறையும் அட்டையும் 5, சேதாரத்துக்கு 7, ஆக 200. குழுவாக வாங்கினால் 300-க்குக் கொடுக்கிறாள். நூறு ரூபாய் லாபம் என்று கண் அகல வேண்டாம். அதில் ஆட்டோ, தொலைபேசி, விற்காமல் நிற்கும் எக்ஸ்ட்ரா லார்ஜ், அவள் ராத்திரி பதினொரு மணி வரை மடித்து அடுக்கும் கூலி எல்லாம் அடக்கம். இதைச் சொல்வதற்குக் காரணம், நம்மவர்கள் "நம்ம பொண்ணுதானே, 180-க்குக் கொடேன்" என்று கேட்கிறார்கள். காசு போட்டு நமக்குத் துணி கொடு என்று கேட்கிறோம் என்பது அவர்களுக்குத் தெரிவதில்லை.

2024 நவம்பரில் நம்மவர்கள் நடத்தும் ஓர் அமைப்பு, பெயர் வேண்டாம், ஆண்டு விழாவுக்கு 120 டி-ஷர்ட் கேட்டது. முதலில், இலவசமாகக் கொடுங்கள், மேடையில் பெயர் வாசிக்கிறோம், அதைவிட விளம்பரம் உண்டா என்றார்கள். முடியாது என்றதும் 260-க்குப் பேசி முடித்தார்கள். 31,200 ரூபாய். விழா முடிந்ததும் பணம் என்று பேச்சு. விழா முடிந்தது, மேடையில் பெயரும் வாசித்தார்கள், தப்பாக. பணம் வந்தது 2025 ஜூனில். ஏழு மாதம். 'கமிட்டி கூடவில்லை', 'பொருளாளர் ஊருக்குப் போயிருக்கிறார்', 'இதுக்குப் போய் இப்படிக் கேக்கறியேம்மா'. கடைசியாகச் சொன்ன வார்த்தைதான் அவளுக்குத் தைத்தது. ஜனவரியில் திருப்பூருக்கு அனுப்ப வேண்டிய பணம் அது. அந்த வருஷம் ஹோலிக்குச் சரக்கு இல்லை. வருஷத்திலேயே பெரிய வாரம் எங்கள் மேசை வெறுமையாக இருந்தது. பேரனின் பள்ளிக் கட்டணத்துக்கு என் பென்ஷனிலிருந்து எடுத்தோம்.

அதே அமைப்பு பந்தல்காரருக்கும் ஒலிபெருக்கிக்காரருக்கும் முன்பணம் கொடுத்திருக்கிறது. விசாரித்துத்தான் எழுதுகிறேன். அவர்கள் வெளியார், கொடுக்காவிட்டால் வரமாட்டார்கள். நம் வீட்டுப் பெண் என்றால் காத்திருப்பாள். இந்த நியாயம் எனக்கு விளங்கவில்லை. செலவில்லாத விளம்பரம் எது என்று புதிதாகத் தொழில் தொடங்கும் பெண்கள் என்னைக் கேட்கிறார்கள். துணி நன்றாக இருந்தால் வாங்கியவர் இன்னொருவரிடம் சொல்வது. பேசிய தேதியில் பணம் கொடுப்பது. இரண்டும் விற்கிறவள் கையில் இல்லை, நம் கையில் இருக்கிறது. துணி நன்றாக இல்லை என்றால் வாங்காதீர்கள், தாராளமாகக் குறை சொல்லுங்கள். வாங்கிவிட்டால் காந்தி நகர் கடைக்காரருக்குக் கொடுப்பதுபோல் கொடுத்துவிடுங்கள்.

மருமகள் இப்போது ஒரு வழக்கம் வைத்திருக்கிறாள். ஆர்டரோடு பாதிப் பணம், சரக்கு கைக்கு வரும்போது மீதி. யாராக இருந்தாலும் அப்படியே. என் சொந்தத் தங்கை பேத்தியின் பள்ளிக் குழுவுக்கு முப்பது கேட்டபோதும் பாதி வாங்கினாள். தங்கை இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் பணம் அனுப்பிவிட்டு, "உன் மருமகள் கெட்டிக்காரி" என்றாள்.

மேலே சொன்ன அமைப்பிலிருந்து போன வாரம் மறுபடி அழைப்பு வந்தது. இந்த முறை 150 வேண்டுமாம். நாலு வரியில் மரியாதையாகப் பதில் எழுதி, பாதி முன்பணம் எவ்வளவு என்பதையும் எங்கே செலுத்த வேண்டும் என்பதையும் குறிப்பிட்டிருக்கிறாள். இதை எழுதி முடிக்கும்வரை பதில் வரவில்லை.